ஐபிஎஸ் வயிற்றோடு டெல்டாவில் சாப்பிடுவது, வேலை பார்ப்பது, பஸ் ஏறுவது எப்படி

காலையில் காபி உள்ளே போனதும் வயிறு கலக்குகிறது. இரண்டு மூன்று தரம் கொல்லைக்குப் போய் வந்தாலும் முழுசாகப் போன திருப்தி இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வயிறு கும்மென்று உப்பிக்கொள்கிறது. வீட்டில் கல்யாணம், பரீட்சை, குழுக்கடன் தவணை, கோர்ட் வாய்தா என்று எது வந்தாலும் எல்லாம் இரட்டிப்பாகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். கேஸ் மாத்திரை, பூச்சி மாத்திரை, கசாயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஐபிஎஸ் (IBS), அதாவது எரிச்சலுறும் குடல் நோய் என்று சொல்கிற இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துச் சாப்பாட்டையும் வேலையையும் மனதில் வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் ஐபிஎஸ் என்று தேடினால் கிடைக்கிற உணவுப் பட்டியல்களில் நம் அடுப்படியில் இருக்கும் பாதிச் சாமான் இருப்பதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது கற்பனை நோய் இல்லை. குடலுக்கென்று தனியாக ஒரு நரம்பு வலை இருக்கிறது, அதில் 10 கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் உண்டு, அது மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு அந்தப் பேச்சு கோளாறாகிவிடுகிறது. மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத அளவு கேஸ் நமக்கு வலியாகத் தெரிகிறது, சட்டை உரசினாலே காந்துகிற வெயில் பட்ட தோல் மாதிரி. குடல் அசைகிற வேகமும் ஒரு நிலையில் இல்லாமல் சில நாள் ஓடுகிறது, சில நாள் நின்றுபோகிறது. அதனால்தான் சாப்பாட்டை மட்டும் மாற்றியவருக்கும் பாதிதான் சரியாகிறது, 'டென்ஷன் ஆகாதே' என்ற அறிவுரையை மட்டும் கேட்டவருக்கும் பாதிதான் சரியாகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் ஒரு தடவை ஒழுங்காகக் காட்டுங்கள்

ஐபிஎஸ் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வயிற்றுப்போக்கு, விட்டுவிட்டு வருகிற காய்ச்சல், ரத்தசோகை, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்த வரலாறு, 50 வயதை ஒட்டி முதல் முதலாக ஆரம்பித்த தொந்தரவு: இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். நம் ஊரில் குடல் காசநோய் இருக்கிறது, ஜியார்டியா மாதிரி கிருமிகள் இருக்கின்றன, தைராய்டு கோளாறும் சர்க்கரை மாத்திரைகளும் கூட வயிற்றைக் கெடுக்கும். குறிப்பாக மெட்ஃபார்மின் ஆரம்பித்த பிறகு பேதியாகிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையின் வகையை மாற்றித் தரலாம்.

இவை எதுவும் இல்லாதவர்களுக்கு ஐபிஎஸ் என்று சொல்ல ஒரு வரையறை இருக்கிறது. கடந்த 3 மாதமாக, சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி வர வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புள்ளதாக இருப்பது, எத்தனை தரம் போகிறோம் என்பது மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். 2016ல் ரோம் 4 என்ற பெயரில் உலக அளவில் வகுத்த அளவுகோல் இது. ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, தைராய்டு, கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படுகிற சீலியாக் நோய்க்கான பரிசோதனை இவ்வளவு பார்த்தால் பெரும்பாலும் போதும். ஆபத்து அறிகுறி இல்லாத இளவயதுக்காரர்கள் எல்லோருக்கும் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலனோஸ்கோபி தேவைப்படாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். வயிறு கலக்கும்போதெல்லாம் மருந்துக்கடையில் போய் அமீபா மாத்திரை வாங்கி நாலு நாள் போட்டுக்கொள்வது. வெள்ளத்துக்கு அப்புறம் கெட்ட தண்ணீரால் வந்த பேதி, பல பேருக்கு ஐபிஎஸ்ஸின் ஆரம்பமாகவே இருக்கிறது. குடல் தொற்று வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குக் கிருமி போன பிறகும் இந்தத் தொந்தரவு தங்கிவிடுகிறது. கிருமியே இல்லாத குடலுக்குத் திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் கொடுத்தால் உள்ளே இருக்கிற நல்ல பாக்டீரியாதான் பாதிக்கப்படும். அதேபோல வருஷத்துக்கு ஒருதரம் விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்கு எடுப்பது, தினமும் நிலாவாரைப் பொடி போட்டுக்கொள்வது இரண்டும் இந்த வயிற்றுக்கு வேண்டாம்.

இரண்டு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாமல்

ஒரு பழைய நோட்டுப் போதும். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வலி, எப்போது வெளியே போனீர்கள், எப்படிப் போனது, அன்று ராத்திரி தூக்கம் எப்படி, மனதில் என்ன ஓடியது, பெண்களாக இருந்தால் மாதவிலக்கு நாள். மாதவிலக்கை ஒட்டி ஐபிஎஸ் கூடுவது சகஜம், அதைக் குறிக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பிட்ட கத்தரிக்காய் மேல் பழி விழும். மலத்தின் தன்மைக்கு பிரிஸ்டல் அளவுகோல் என்று 7 படி கொண்ட படம் இருக்கிறது. 1, 2 என்றால் ஆட்டுப்புழுக்கை மாதிரியும் கட்டியாகவும் இருக்கிற மலச்சிக்கல், 3, 4 சரியான நிலை, 6, 7 என்றால் கூழாகவும் தண்ணீராகவும் போவது. அந்த எண்ணை மட்டும் எழுதினால் போதும், டாக்டருக்கும் உடனே புரியும். உங்களுக்கு இருப்பது சிக்கல் வகையா, போக்கு வகையா, இரண்டும் மாறி மாறி வருவதா என்று தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும்.

இந்த இரண்டு வாரத்தில் பலருக்கு ஒன்று தெரியவரும், 'காரம்தான் ஆகவில்லை' என்று நினைத்துக்கொண்டிருந்தது பாதிதான் உண்மை. மிளகாய் சிலருக்கு வலியைத் தூண்டுகிறது, அது நிஜம். ஆனால் நம் தட்டில் அதைவிடப் பெரிய காரணங்கள் சாதுவாக உட்கார்ந்திருக்கின்றன.

தட்டில் எதைப் பார்ப்பது

சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில மாவு, சர்க்கரைச் சத்துகள் பெருங்குடலுக்குப் போய், தண்ணீரை இழுத்து, அங்கே பாக்டீரியா அதை நொதிக்கவைத்து கேஸ் ஆகிறது. இவற்றைச் சேர்த்து ஃபாட்மேப் என்று சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இதை வைத்து ஓர் உணவு முறையை உருவாக்கினார்கள். எல்லோருக்கும்தான் இந்தக் கேஸ் உண்டாகிறது, ஐபிஎஸ் குடலுக்குத்தான் அது தாங்கவில்லை.

நல்ல செய்தி, நம் சோறு இதில் சேராது. தானியங்களிலேயே கேஸ் குறைவாக உண்டாக்குவது அரிசி. மீன், முட்டை, கோழி, நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இவற்றிலும் ஃபாட்மேப் கிடையாது. பிரச்சினை சோற்றின் மேல் ஊற்றுகிறதில்தான்.

வெங்காயமும் பூண்டும் முதல் ஆள். பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம் இரண்டிலும் ஃப்ரக்டான் என்ற ஃபாட்மேப் சத்து இருக்கிறது, மனிதக் குடலில் அதை உடைக்கிற நொதி யாருக்குமே இல்லை. வெங்காய சாம்பார், பூண்டுக் குழம்பு, கடப்பா, குருமா, பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயம், நாள் முழுக்க ஏதாவது ஒரு வழியில் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. இதை நிறுத்தினால் ருசி போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். அமாவாசை, கிருத்திகை, விரத நாளில் உங்கள் வீட்டிலேயே வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைக்கிறார்கள் அல்லவா, அந்தச் சமையலை ஒரு மாதத்துக்கு அன்றாடச் சமையலாக்கிக்கொள்ளுங்கள். சுண்டைக்காய் அல்லது மணத்தக்காளி வத்தக்குழம்பு, வெண்பூசணி மோர்க்குழம்பு, மிளகு ரசம், வாழைக்காய் வறுவல், கத்தரிக்காய் வதக்கல், பீன்ஸ் பொரியல், எல்லாவற்றுக்கும் பெருங்காயம். பூண்டு வாசனை இல்லாமல் முடியவே முடியாது என்கிறவர்கள் பூண்டை முழுப் பல்லாக எண்ணெயில் வதக்கி, தண்ணீர் ஊற்றும் முன்பே அந்தப் பல்லையெல்லாம் எடுத்துப்போட்டுவிடுங்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது, அதனால் வாசனை மட்டும் தங்கும். தண்ணீர் ஊற்றிய பிறகு எடுத்தால் பயன் இல்லை.

அடுத்தது காபி. கும்பகோணத்துக்காரர்களிடம் காபியை விடச் சொல்வது சுலபமில்லை என்று தெரியும், அதனால் விடச் சொல்லவில்லை, பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு டம்ளர் டிகிரி காபியில் மூன்று விஷயம் இருக்கிறது. காஃபின் பெருங்குடலைச் சுருங்கச் செய்கிறது. கெட்டிப் பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது, தென்னிந்தியாவில் பெரியவர்கள் நிறையப் பேருக்கு அதைச் செரிக்கிற நொதி குறைவு. மூன்றாவதாக, பலர் யோசிக்காதது, சிக்கரி. சிக்கரி வேரில் இனுலின் என்ற சத்து இருக்கிறது, அதுவும் ஃப்ரக்டான் வகைதான். ஆகவே முதல் வாரம் சிக்கரி கலக்காத பொடிக்கு மாறுங்கள், வெறும் வயிற்றில் குடிக்காமல் இட்லிக்கு அப்புறம் குடியுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று போதும். அதற்கும் சரியாகவில்லை என்றால் பாலைக் குறையுங்கள். லாக்டோஸ் நீக்கிய பால் பெரிய கடைகளில் கிடைக்கிறது. தயிரும் மோரும் பாலைவிட லாக்டோஸ் குறைந்தவை, பால் ஆகாத பல பேருக்கு மோர் ஒத்துக்கொள்கிறது.

பருப்பு, பயறு வகைகளில் ராஃபினோஸ் குடும்பத்துச் சர்க்கரை உண்டு. கொண்டைக்கடலை, காய்ந்த பட்டாணி, மொச்சை, ராஜ்மா இவற்றில் அதிகம். நவராத்திரிச் சுண்டல் வாரத்தில் வயிறு ஏன் அப்படிப் போகிறது என்பதற்கு இதுதான் காரணம். பாசிப்பருப்பு கொஞ்சமாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் பரவாயில்லை. எந்தப் பருப்பானாலும் ராத்திரியே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள், அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். இட்லி மாவு ஊறிப் புளிப்பதிலும் இது நடக்கிறது, அதனால் இட்லி பலருக்கு ஒத்துப்போகிறது. ஆனால் கூடவே நாலு கரண்டி சாம்பார் ஊற்றினால் கணக்கு மாறிவிடும்.

பரோட்டா, சப்பாத்தி, ரவை எல்லாம் கோதுமை, அதிலும் ஃப்ரக்டான். பழத்தில் மாம்பழம், பலா, தர்பூசணி, சீதாப்பழம் தூண்டும். பப்பாளி, ஆரஞ்சு, அன்னாசி, அளவாகக் கனிந்த வாழைப்பழம் பரவாயில்லை. நன்றாகக் கனிந்து கறுத்த வாழைப்பழத்தில் ஃப்ரக்டான் கூடிவிடுகிறது. காலிஃபிளவர், காளான் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கிற 'சுகர் ஃப்ரீ' மிட்டாய்களில் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், அதுவும் பேதியை உண்டாக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள்.

இப்போது முக்கியமான இடம். மேலே சொன்னதையெல்லாம் வாழ்நாள் முழுக்க நிறுத்தக் கூடாது. 2 முதல் 6 வாரம் மட்டும் நிறுத்துங்கள். குறைந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டு வாருங்கள், மூன்று நாள், முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு, அப்புறம் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்த பொருள். வெங்காயம் மட்டும், அப்புறம் பால் மட்டும், அப்புறம் துவரம்பருப்பு மட்டும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று பொருள்தான் உண்மையில் ஆகாது, மீதியை நிம்மதியாகச் சாப்பிடலாம். 6 வாரத்திலும் எந்த மாற்றமும் இல்லை என்றால் இந்த முறை உங்களுக்கு இல்லை, பழையபடி சாப்பிட ஆரம்பியுங்கள், பட்டினி கிடக்காதீர்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள் டயட்டீஷியன் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

நார்ச்சத்து என்றதும் கோதுமைத் தவிடு வாங்காதீர்கள், அது உப்புசத்தைக் கூட்டும். இசப்கோல் நல்லது, சிக்கலுக்கும் உதவும், போக்குக்கும் உதவும். அரை டீஸ்பூனில் ஆரம்பித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்ததும் உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வாரத்துக்கு வாரம் மெதுவாகக் கூட்டலாம். ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர், சுக்கு இதெல்லாம் இதமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள்.

மனசும் பருவமும்

டெல்டாவில் கவலைக்கும் பட்டம் இருக்கிறது. ஜூன் 12ல் மேட்டூர் திறப்பார்களா, திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்பதில் தொடங்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பா மூழ்குமா என்று ஒரு பயம், அறுத்த பிறகு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிடுவார்களோ என்று நெல் மூட்டைக்குப் பக்கத்திலேயே பனியில் படுத்துக் கிடப்பது. இந்த நாட்களில் வயிறு கெடுவதைச் சாப்பாட்டின் மேல் மட்டும் போடக் கூடாது. பதற்றத்தில் சுரக்கிற ஹார்மோன்கள் பெருங்குடலை வேகமாக அசைக்கின்றன, வலி உணர்வையும் கூட்டுகின்றன. கவலையின் காரணத்தை நம்மால் நீக்க முடியாது, மழையை நிறுத்த முடியாது. உடம்பு அதற்குப் பதில் சொல்கிற விதத்தைக் கொஞ்சம் பழக்கலாம்.

நான் எல்லோருக்கும் சொல்வது மூச்சுப் பயிற்சி. மல்லாந்து படுத்தோ நாற்காலியில் சாய்ந்தோ, ஒரு கையைத் தொப்புள் மேல் வையுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுங்கள், வயிறுதான் எழும்ப வேண்டும், நெஞ்சு இல்லை. 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். பத்து நிமிஷம், காலையும் ராத்திரியும். மூச்சு நீளமாக வெளியே போகும்போது மூளையையும் குடலையும் இணைக்கிற வேகஸ் நரம்பு வழியாக உடம்பு தணிகிறது. வயிறு நன்றாக இருக்கும் நாட்களில் பழகினால்தான் கலக்குகிற நாளில் கைகொடுக்கும், கலக்கும்போது முதல் தடவையாக முயன்றால் நடக்காது. மண்டபத்தில், பஸ்ஸில், வங்கி வரிசையில் நின்றுகொண்டேகூட யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

தினம் அரை மணி நேரம் நடை, நேரத்துக்குத் தூக்கம், மூன்று வேளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாப்பாடு. நடவு, அறுவடை நாளில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய், மூன்று மணிக்குப் பசியில் ஒரேயடியாகச் சாப்பிடுவது இந்த வயிற்றுக்கு ரொம்பக் கெடுதல். நாலு இட்லியைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு தடவையாகச் சாப்பிடுங்கள்.

மனநல ஆலோசனை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற சிகிச்சைக்கும், குடலை மையமாக வைத்த ஹிப்னோசிஸ் சிகிச்சைக்கும் ஐபிஎஸ்ஸில் நல்ல பலன் இருக்கிறது. பேச ஆள் இல்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். டாக்டர் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால் 'என்னைப் பைத்தியம் என்கிறாரா' என்று மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். மன அழுத்தத்துக்குக் கொடுக்கிறதைவிட ரொம்பக் குறைந்த அளவு அது, குடலின் வலி நரம்புகளைத் தணிப்பதற்குத் தருகிறார்கள். பிரிட்டனில் 463 பேரை வைத்து நடத்தி 2023ல் வெளியான ஆய்வில் இந்தக் குறைந்த அளவு மாத்திரை, போலி மாத்திரையைவிட நன்றாகவே உதவியது. வாய் உலரலாம், தூக்கம் வரலாம், மலம் கொஞ்சம் இறுகலாம், அதனால் சிக்கல் வகைக்காரர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். மெபெவெரின், புதினா எண்ணெய் கேப்சூல் போன்றவை இழுத்துப் பிடிக்கிற வலிக்கு உதவும். புதினா கேப்சூலைக் கடிக்காமல் விழுங்க வேண்டும், நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

பஸ்ஸும் பந்தியும்

திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூர் வரை பஸ்ஸில் உட்கார்ந்து 'வந்துவிடுமோ' என்று பயப்படுகிற பயமே பாதி வரவழைத்துவிடும். பயண நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள், சாப்பிட்டதும் குடல் இயல்பாகவே அசையும், அதனால் சாப்பிட்டு அரை மணி நேரம் வீட்டிலேயே இருந்து போய்விட்டுக் கிளம்புங்கள். ரயில் இருக்கிற தடத்தில் கழிப்பறை வசதியுள்ள ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். போகிற ஊரில் கழிப்பறை எங்கே என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது தெரிந்தாலே வயிறு அடங்கிவிடும். போக்கு வகைக்காரர்கள் அவசர நாளுக்குப் பேதியை நிறுத்துகிற லோபராமைடு மாத்திரை வைத்துக்கொள்ளலாமா, எத்தனை என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள், காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதைத் தொடக் கூடாது.

கல்யாணப் பந்தியில் எல்லாவற்றையும் மறுத்து உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சோறு, ரசம், மோர், அப்பளம், வாழைக்காய், உருளைக்கிழங்கு என்று எடுத்துக்கொண்டு சாம்பாரைக் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள். பாயசம் வேண்டுமானால் இரண்டு வாய். ஃபாட்மேப் எல்லாம் அளவு சம்பந்தப்பட்ட விஷயம், ஒரு கரண்டி தாங்குகிற வயிறு மூன்று கரண்டி தாங்காது. ஒரே நாளில் காபி, சாம்பார், பரோட்டா மூன்றும் சேர்ந்து வராமல் பார்த்துக்கொண்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சமாளிக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மருமகள் ரசத்தை மட்டும் தனியாக எடுத்துவைத்துக்கொண்டால் அதை ராங்கி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளை நடிக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கழிப்பறைக்குள் இருப்பவரைக் கதவைத் தட்டி அவசரப்படுத்தாதீர்கள், அந்த வலியும் அவமானமும் சேர்ந்துதான் அடுத்த நாளைக்கு வயிற்றைத் திரும்பவும் கலக்குகிறது.

மூன்று மாதம் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் திரும்பப் போங்கள். எது ஆகவில்லை, எது பரவாயில்லை, எந்த எண்ணில் மலம் போகிறது என்று காட்டுங்கள். நடுவில் எடை குறைந்தாலோ ரத்தம் தெரிந்தாலோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். இன்றைக்கு ஆகாத வெங்காயத்தை ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள், குடலின் தாங்குதிறன் ஒரே மாதிரி நிற்பதில்லை, சில பேருக்குத் திரும்ப ஒத்துக்கொள்கிறது.